செகண்டு சிம் ஸ்டாக் இல்லை

1

இடது தோள் வலிக்கிறது. கையைத் தலைக்கு மேலே தூக்கினால் உள்ளே எதுவோ எதிலோ உரசுகிறது, இறக்கினால் சுண்டுவிரல் வரைக்கும் மரத்துப்போகிறது. படப்பை மண்டியில் ஒன்பது வருஷம் சிமெண்டு மூட்டையும் தவிட்டு மூட்டையும் ஏற்றி இறக்கியதில் எனக்கு மிஞ்சியது இதுதான். இந்த வலி வராமல் இருந்திருந்தால் இன்னமும் மூட்டைதான் தூக்கிக்கொண்டிருப்பேன். மேற்குத் தாம்பரம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கம்பெனிக் குடையை நட்டு, ஸ்டூல் போட்டு, சிம் கார்டு விற்க வந்திருக்க மாட்டேன்.

ஆகவே கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு புருஷனும் பெண்சாதியும் என் குடைக்குக் கீழே வந்து நின்று, எந்தக் கம்பெனி சிம் வாங்கினால் செலவு குறையும் என்று கேட்டார்கள். நான் பதில் சொன்னேன். நாற்பத்தோராம் நாள் அந்தப் புருஷன் செத்துப்போனான். என் பதிலுக்கும் அவன் சாவுக்கும் நடுவில் என்ன இருந்தது என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன். செல்லாத விண்ணப்பப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அதனால்தான் ஒவ்வொரு பகுதியும் ஒரு படிவத்து நீளம்.

எழுதி அடித்த தொடக்கங்கள் மூன்று:

"தாம்பரத்தின் மேல் காலைச் சூரியன் தன் பொன் கதிர்களை..." [அடித்துவிட்டேன். நான் சூரியனை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. நிழல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து ஸ்டூலை இழுத்துப் போடுவேன், அவ்வளவுதான்.]

"கைபேசி வந்த பிறகு உழைக்கும் மக்களின் வாழ்க்கையில் ஏற்பட்ட மாற்றங்களை நாம்..." [அடித்துவிட்டேன். மேடையில் மைக் பிடித்தவன் பேச்சு மாதிரி இருக்கிறது. 'நாம்' என்பதில் யார் யார் என்று தெரியவில்லை.]

"குடைக்காரன் ஒன்றும் கெட்டவன் இல்லை. அவனுக்கும் வயிறு..." [இதை இரண்டு தடவை அடித்தேன். குடைக்காரன் நான்தான். பெயர் தனசிங்.]

இருந்தாலும் கதைக்குள்ளே என்னைக் 'குடைக்காரன்' என்றே எழுதப்போகிறேன். ஒளிந்துகொள்வதற்கு இல்லை. கதை அந்தப் பெண்சாதி பாப்பாவின் பக்கத்திலிருந்து போகிறது, அவள் அன்றைக்குப் பார்த்தது ஒரு குடையையும் அதற்குக் கீழே ஒரு ஆளையும்தான்.

2

கம்பெனிகளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் பெயரைச் சொல்லிக் கேட்பதும் இல்லை, விளம்பரத்தில் இருக்கிற படத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள். படத்தையும் நான் மாற்றிவிட்டேன். ஒன்று கிளி, இன்னொன்று மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாப்பா மீன் விற்கிறவள். கடற்கரைக் குப்பத்தில் பிறந்து, துலுக்காணத்தைக் கட்டிக்கொண்டு, அவன் படகுப் பங்கு கடனுக்குப் போன பிறகு முடிச்சூர் பக்கம் குடிவந்தவள். விடிகாலையில் காசிமேட்டுச் சரக்கு வரும் வேனில் ஒரு கூடை எடுத்து, மேற்குத் தாம்பரம் சந்தைத் தெருவில் உட்கார்ந்து விற்பாள். துலுக்காணம் கடலை விட்டு மண்ணுக்கு வந்துவிட்டான். பொன்னுரங்கம் மேஸ்திரியிடம் குழி தோண்டும் வேலை. படப்பையைத் தாண்டி ஒரகடம் போகிற சாலையோரமாகக் கேபிள் புதைக்கக் குழி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கையில் இரண்டு பழைய போன் இருந்தது. ஒன்று அறுநூறு ரூபாய் வீதம் வாங்கியது. சிம்தான் இல்லை.

"இன்னா தலைவா, எது சீப்பு?" என்றான் துலுக்காணம்.

"கிளி சிம் ஃப்ரீண்ணா. ஒரு பைசா தர வாணாம். பத்து ரூபா பேலன்சு உள்ளயே கீது."

"ஃப்ரீயா குடுத்துட்டு அப்பால கோவணத்த உருவுவானுங்க, அதான?"

"உருவுறதுக்கு இன்னாண்ணா கீது? நிமிஷம் ஒரு ரூபா. எந்த நம்பருக்கு வேணா அடி."

"மூணு செகண்டு பேசினா?"

"மூணு செகண்டும் நிமிஷக் கணக்குதான். எதிர்ல எடுத்துட்டா ஒரு ரூபா போயிடும்."

பாப்பாவுக்கு இது ஒப்பவில்லை. "அது இன்னா நாயம்? ஒரு மீனு வாங்கறவன் ஒரு மீனுக்குத்தான துட்டு குடுப்பான்? கூடைக்கேவா குடுப்பான்?"

"இவள இட்டுனு போயி கம்பெனில மேனேஜரா போடுப்பா" என்று துலுக்காணம் சிரித்தான். பிறகு கொஞ்சம் குனிந்து கேட்டான். "மணி சிம்முனு ஒண்ணு வந்துகீதாமே. செகண்டுக்கு ஒரு பைசாவாம். மேஸ்திரி சொன்னாரு."

"அது ஃப்ரீ கெடையாதுண்ணா. ஒண்ணு நாப்பத்தொம்போது."

"சரி, குடேன் பாப்போம்."

"செகண்டு சிம் ஸ்டாக் இல்ல" என்றான் குடைக்காரன். "அடுத்த வாரம் வரும்."

துலுக்காணம் பெண்சாதியைப் பார்த்தான். "ஒரு வாரந்தான பாப்பா. பொறுத்து வாங்கிக்கலாமா?"

"ஃப்ரீயா குடுக்கறத வுட்டுட்டு தொண்ணூத்தெட்டு ரூபா எவன் குடுப்பான்? நாம இன்னா மணிக்கணக்கா பேசப் போறமா? மிஸ்டு கால் வுட்டா தெரிஞ்சிக்கிறோம். வாங்குய்யா, வெயிலு மண்டைய பொளக்குது."

ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இரண்டு, போட்டோ இரண்டு. துலுக்காணம் கையெழுத்துப் போட்டான், பாப்பா கட்டை விரல் வைத்தாள்.

[இதை அடைப்புக்குறிக்குள் எழுதுகிறேன். பாப்பாவுக்குத் தெரியாது, கதை அவள் பக்கத்திலிருந்து போவதால் வெளியே எழுத முடியாது. ஸ்டாக் இருந்தது. ஸ்டூலுக்குக் கீழே இருந்த பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில், ரப்பர் பேண்டு போட்டு நாலு மணி சிம் இருந்தது. மணி சிம் ஒன்று விற்றால் எனக்கு நாலு ரூபாய். கிளி சிம் ஒன்றுக்கு இருபத்தைந்து. ஒரே நாளில் இருபத்தைந்து கிளி சிம் போனால் மேலே இருநூறு. அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்குள் கிளி சிம் இருபத்து மூன்று போயிருந்தது. தோள் விண்விண் என்று தெறித்தது. இந்த இரண்டு பேரோடு கணக்கு முடியும், குடையை மடக்கிவிட்டுப் போய்ப் படுக்கலாம்.]

இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. பாப்பாவுக்குத் தெரியாது. இனி வருகிற எதையும் இந்த வித்தியாசத்தோடுதான் நீங்கள் படிக்க வேண்டும். இதைக் கடைசியில் வைத்து உங்களைத் திடுக்கிட வைத்திருக்கலாம். முதலில் எழுதிய பிரதியில் அப்படித்தான் செய்திருந்தேன். ஒரு ஆளின் சாவை வைத்து வித்தை காட்டுகிற மாதிரி இருந்தது.

3

துலுக்காணத்தை எழுதுவதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. செத்தவனை எழுதும்போது கை தானாகவே அவனை நல்லவனாக்கிவிடுகிறது. மேலே அவன் சிரிக்கிறான், பெண்சாதியிடம் யோசனை கேட்கிறான். அதெல்லாம் நடந்ததுதான். ஆனால் அவன் குடிப்பான். சனிக்கிழமை கூலி வாங்கினால் பாதி வீட்டுக்கு வராது. பாப்பாவின் முன்பல் ஒன்று பாதி இல்லை. எப்படிப் போனது என்று கேட்டால் பைப்படியில் வழுக்கி விழுந்தேன் என்பாள். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைச் சேர்த்தாலும் நான் சொன்ன பொய் சின்னதாவதில்லை.

"தொலைபேசிக் கேபிள் புதைக்கும் குழியைத் தோண்டிய அவனுக்கே ஒரு தொலைபேசி..." என்று ஒரு வாக்கியம் எழுத ஆரம்பித்தேன். ரொம்ப சாமர்த்தியமாக வந்தது. பாதியிலேயே விட்டுவிட்டேன். அவனுக்கு அது குழி. அடிக் கணக்கில் கூலி.

சிம் போட்ட அன்றே புருஷனும் பெண்சாதியும் கணக்கு வகுத்துக்கொண்டார்கள்.

ஒரு ரிங் வந்தால் வேலைக்கு வந்து சேர்ந்தாயிற்று. இரண்டு ரிங் வந்தால் லேட்டாகும். மூன்று ரிங் என்றால் பஸ் ஏறிவிட்டேன், உலையை வை. எந்த நேரத்து ரிங் என்பதை வைத்தே பாதி புரிந்துவிடும், அதனால் கூப்பிட்டவன் நிறுத்தட்டும் என்று எதிராளி காத்திருக்கக் கூடாது. பார்த்ததும் சிவப்புப் பொத்தானை அழுத்தி வெட்டிவிட வேண்டும். வெட்டினால் 'பார்த்துட்டேன், சரி' என்று அர்த்தம். வெட்டாமல் அடித்துக்கொண்டே இருந்தால் பாப்பா போன் பக்கத்தில் இல்லை என்று அர்த்தம், மறுபடி அடிக்க வேண்டும்.*

*இதைப் படிக்கிறவர்களில் போனை எடுத்துப் பேசிப் பழகியவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு வெட்டுவது என்றால் வேண்டாம் என்று சொல்வது. இங்கே குழி வெட்டுகிறவன், கல் சுமக்கிறவள், மீன் விற்கிறவள் எல்லோருக்கும் வெட்டுவதுதான் பதில். என் குடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வாங்கிய பத்து ரூபாயை இரண்டு மாதம் செலவே செய்யாமல் வைத்திருப்பார்கள். அதில் அவர்களுக்கு ஒரு பெருமையும் உண்டு.

ஒரே ஒரு தடவை பாப்பா தவறிப்போய் பச்சையை அழுத்திவிட்டாள். செதில் ஒட்டிய விரல், வழுக்கிவிட்டது.

"அலோ" என்றாள் பயந்துபோய்.

"ஏன்டி எடுத்த? ஏன்டி எடுத்த? ஒரு ரூபா போச்சுடி!"

"கை பட்டுடுச்சுய்யா. வெச்சிடவா?"

"வெச்சா மட்டும் ரூபா திரும்பி வருமா? போனது போச்சு. நிமிஷம் முடியற வரிக்கும் பேசு."

"இன்னா பேச?"

"எதனா பேசு. துட்டு ஓடுது."

இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிட்டியா என்று அவன் கேட்டான். மணி பத்தரைதான ஆவுது என்று அவள் சொன்னாள். சங்கரா எவ்வளவு போச்சு என்று கேட்டான். சொன்னாள். அப்புறம் மூச்சு விடுகிற சத்தம் மட்டும். "ஆச்சு, வெய்யி" என்றான் அவன். நிமிஷத்துக்கு இன்னும் நாலு செகண்டு பாக்கி இருக்கும்போதே வைத்துவிட்டான், எங்கே இரண்டாவது ரூபாய் போய்விடுமோ என்று.

அந்த நாற்பத்தோரு நாளில் போனில் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அன்று சாயங்காலம் அவன் அதற்காக அவளை அடித்தான். எங்கே அடித்தான் என்று அவள் சொல்லவில்லை, நானும் இட்டுக்கட்டி எழுதவில்லை.

4

புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை.

[இந்தப் பகுதியை ஐந்து தடவை எழுதினேன். இரண்டு இடத்தில் ஒரே சமயத்தில் நடக்கிறது. குழிக்குள் நான் இருக்கவில்லை, பாப்பாவும் இருக்கவில்லை. அதனால் சந்தைத் தெருவிலேயே நிற்கிறேன்.]

புரட்டாசி சனிக்கிழமை மீன்காரிகளுக்கு ஆகாத நாள். தெரு பாதி காலி. பாப்பா பெரிய மீன் எடுக்கவில்லை. கொஞ்சம் சங்கரா, கொஞ்சம் நெத்திலி, அதையும் வாங்குகிற வீடுகளை மனசில் எண்ணித்தான் எடுத்திருந்தாள். பரிதா அக்கா கட்டாயம் வருவாள். பரிதாவின் புருஷன் கலீல் சானடோரியம் பக்கம் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், வாரத்துக்கு மூன்று நாள் அவர்கள் வீட்டில் மீன்.

பதினொன்றரைக்கு மேலே பரிதா வந்தாள்.

"என்ன பாப்பா, இன்னைக்கு நான்தான் உனக்கு மகாராணி போல. தெருவுல ஒரு ஆளைக் காணோம்."

"ஆமாக்கா, பெருமாள் எங்க வயித்துல அடிச்சிட்டாரு. நீ அள்ளினு போ. கிலோ எம்பது."

"எம்பதா? புரட்டாசில எம்பதுன்னா ஐப்பசில நூத்தம்பது சொல்லுவ. அம்பது போட்டுக்க."

"அம்பதுக்கு தலையத்தான் தருவேன். வால அந்தப் பெருமாளாண்ட வாங்கிக்க."

பேரம் அறுபதுக்கு வந்து நின்றது. பாப்பா அரிவாள்மணையைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு சங்கராவின் செதிலைச் சுரண்ட ஆரம்பித்தாள். போன் கழுத்தில், பாலிதீன் கவருக்குள் கயிறு கட்டித் தொங்கியது. அது அடித்தது. ஒரு ரிங், இரண்டு ரிங். பாப்பா விரல் முட்டியால் கவருக்கு மேலேயே அழுத்தி வெட்டினாள்.

"லேட்டாவுமாம்" என்றாள். "சனிக்கெழம இல்ல? லேட்டுதான்."

மீனின் வயிற்றைக் கீறினாள். மறுபடி அடித்தது. வெட்டினாள்.

குடலை எடுத்துப் போட்டாள். மறுபடி அடித்தது. வெட்டினாள்.

பரிதா கேட்டாள், "யாரும்மா அது, விடாம?"

"எங்கூட்டுக்காரருதாங்க்கா. ஒரு தபா சொன்னா எனக்குப் புரியாதாம். சும்மா நோண்டினுகீறாரு."

நாலாவது தடவை அடித்தது.

"எடுத்துப் பேசேன் பாப்பா. ஏதாவது அவசரமா இருக்கப் போகுது."

"எடுத்தா ஒரு ரூபா போயிடும்க்கா. அவரு ரூபா. சாயங்காலம் வந்து அதுக்கு நாலு சாத்துவாரு." இரண்டு பேரும் சிரித்தார்கள். பாப்பா வெட்டினாள்.

ஐந்தாவது தடவை அடிக்கவில்லை.* அவள் மீனைக் கழுவி, மஞ்சள் கொஞ்சம் தூவி, பையில் போட்டுக் கொடுத்தாள்.

*பாப்பாவின் போனில் நேரம் இருந்தது. 11.42, 11.43, 11.43, 11.45. நானே பார்த்தேன்.

குழியைப் பற்றிப் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டது இவ்வளவு. முந்தின ராத்திரி மழை. சாலையைக் குறுக்கே கடக்கிற இடத்தில் ஆறடி ஆழம். தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவித்திருந்தார்கள். மற்ற ஆட்கள் அரை கிலோமீட்டர் தள்ளி வேறொரு துண்டில் வேலை. மண் சரிந்து துலுக்காணத்தின் மார்பு வரைக்கும் வந்து நின்றது. வலது கை மட்டும் வெளியே, அதில் போன். போன் எப்படிக் கையில் இருந்தது? டீ வருகிற நேரம் ஆனதா என்று மணி பார்க்க எடுத்திருப்பான். இது என் ஊகம்.

நூற்றெட்டுக்கு அடித்திருக்கலாமே, மேஸ்திரிக்கு அடித்திருக்கலாமே என்று படிக்கிறவர் கேட்பார். நானும் கேட்டுப் பார்த்தேன். ஒற்றைக் கை, கண்ணில் மண். அந்தப் போனில் பச்சையை இரண்டு தடவை அழுத்தினால் கடைசியாக அடித்த நம்பருக்குத் தானாகப் போகும். கடைசியாக அடித்த நம்பர், காலையில் 'வந்து சேர்ந்தேன்' என்று ஒரு ரிங் விட்ட நம்பர். பாப்பா.

நெஞ்சு அமுங்கி மூச்சு முட்டிக் கிடக்கிறவன் நாலு தடவை கூப்பிட்டான். நாலு தடவையும் அவள் 'பார்த்துட்டேன், சரி' என்று சொன்னாள்.

டீ கொண்டுவந்த ஆள்தான் முதலில் பார்த்தது. பன்னிரண்டே காலுக்கு வெளியே எடுத்தார்கள். உடம்பு சூடாகத்தான் இருந்ததாம். பன்னிரண்டு இருபதுக்குப் பாப்பாவின் போன் தெரியாத நம்பரிலிருந்து அடித்தது. தெரியாத நம்பர் என்றால் கம்பெனிக்காரன் பாட்டு வைக்கச் சொல்லிக் காசு பிடுங்குவான் என்று அவளுக்குத் தெரியும். வெட்டினாள். [அதைச் சொல்லிக் கொடுத்தவனும் குடைக்காரன்தான். அந்த ஒன்று உண்மையான உபகாரமாகச் சொன்னது.]

ஒன்றரை மணிக்குப் பொன்னுரங்கம் மேஸ்திரியே பைக்கில் வந்து கூடைக்கு முன்னால் நின்றார். காலில் செருப்பு இல்லை. முட்டி வரைக்கும் சேறு காய்ந்திருந்தது. பாப்பா அவர் காலைப் பார்த்துவிட்டு, பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

5

காரியம் முடிந்து நாலைந்து நாள் கழித்து பாப்பா குடைக்கு வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கையில் இரண்டு போனும் இருந்தன. ஒன்று கவருக்குள், இன்னொன்றின் பொத்தான் இடுக்கெல்லாம் செம்மண்.

"தம்பி, ஒரு விசயம் கேக்கணும். கோச்சிக்காத."

"சொல்லுக்கா."

"அன்னிக்கி அவரு அடிச்சாரு இல்ல, நாலு தபா. நான் எடுக்கல. ஆனா அவரு அந்தாண்ட எதனா சொல்லியிருப்பாரு இல்ல? வாயாண்ட போனு கீதே. அது கம்பெனில பதிஞ்சிருக்குமா?"

குடைக்காரனுக்கு முதலில் புரியவில்லை.

"எடுக்காத காலுல பேசினது. சந்தைல ஒருத்தி சொன்னா, துட்டு கட்டினா கம்பெனில போட்டுக் காட்டுவாங்களாம். எவ்ளோனாலும் பரவால்ல. கேட்டு வாங்கித் தா."

"அப்டி இல்லக்கா. எடுத்தாத்தான் லைனே சேரும். எடுக்காதது எங்கயும் பதியாது."

"கொஞ்சூண்டுகூட?"

"ஒண்ணும் பதியாதுக்கா."

அவள் மண் படிந்த போனைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு ஒரு கணக்குப் போடுகிறவள் மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"அன்னிக்கி அந்த செகண்டு சிம்மு நாங்க வாங்கிகினு போயிருந்தா நான் எடுத்திருப்பேன் இல்ல? அஞ்சு பைசா, பத்து பைசா. அதுக்கு யாரு பயப்படுவா? எடுத்து இன்னாய்யானு ஒரு வார்த்த கேட்டிருப்பேன்."

குடைக்காரன் ஸ்டூலை நிழல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அவரு சொன்னாரு, ஒரு வாரம் பொறுத்துக்கலாம்னு. நீயும் அடுத்த வாரம் வரும்னு சொன்ன. நான்தான் பறந்தேன். தொண்ணூத்தெட்டு ரூபானு பறந்தேன். என் வாயால நானே கெடுத்துக்கினேன்."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லக்கா. விதி."

[விதி என்று நான் சொன்னேன். இந்தக் கதையில் நான் சொன்ன இரண்டாவது பொய் அது. இதை அடிக்கவில்லை, நான் எப்படிப்பட்டவன் என்று படிக்கிறவருக்குத் தெரியட்டும்.]

"உன்ன இன்னா சொல்றது? உன்னாண்ட ஸ்டாக் இருந்தா நீ குடுத்திருப்ப. இல்லாததுக்கு நீ எங்க போவ?" என்றாள் பாப்பா. "நீ மனசுல எதையும் வெச்சிக்காத தம்பி. மொகமே செத்துக் கெடக்குது. சாப்ட்டியா இல்லையா?"

அப்போது சொல்லியிருக்கலாம். ஸ்டூலிலிருந்து எழுந்தேன். வாயையும் திறந்தேன். "இல்லக்கா, வந்து..." என்று ஆரம்பித்து, "ரீசார்ஜ் எதனா பண்ணணுமா?" என்று முடித்தேன்.

6

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் பாப்பா மாதா மாதம் குடைக்கு வந்து, செத்துப்போன புருஷனின் நம்பருக்குப் பத்து ரூபாய் ரீசார்ஜ் செய்கிறாள், நம்பர் அறுந்துபோய்விடக் கூடாது என்று. எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன். ஆனால் அவள் அப்படிச் செய்யவில்லை. அந்த வாரமே புருஷனின் சிம்மைக் கழற்றிச் சாக்கடையில் போட்டாள், போனை நானூற்றைம்பதுக்கு விற்று வீட்டு வாடகையில் சேர்த்தாள். மேஸ்திரி பதினைந்தாயிரம் கொடுத்து ஒரு தாளில் கட்டை விரல் வாங்கிக்கொண்டார், அது காரியத்துக்கே போய்விட்டது. அழுவதற்காக மாதம் பத்து ரூபாய் செலவழிக்கிற வசதி அவளுக்கு இல்லை. அந்த முடிவைக் கிழித்துப் போட்டேன்.

இரண்டாம் முடிவில் நான் போய்ச் சொல்கிறேன். அவள் மீன் கழுவிய தண்ணீரை என் முகத்தில் ஊற்றுகிறாள். தெரு கூடுகிறது. எனக்கு அது நிம்மதியாக இருக்கிறது. இதைப் படித்துப் பார்த்தபோது, தண்டனையைக்கூட எனக்கு வசதியான அளவில் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அவள் ஊற்றாமல் போகலாம். கேட்டுவிட்டு, அடுத்த மீனை எடுத்துச் செதில் சுரண்டலாம். அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, உண்மையில் இப்போது நடந்துகொண்டிருப்பது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவளிடம் அரைக் கிலோ மீன் வாங்குகிறேன். பேரம் பேசுவதில்லை. அவள் சொல்கிற விலையைக் கொடுக்கிறேன், அதில் எனக்கு ஒரு திருப்தி கூட இருந்தது. போன வாரம் அவள் நெத்திலி ஒரு கை கூடுதலாக அள்ளிப் போட்டாள். "தனியா ஆக்கித் துன்றவன், எட்துனு போ. நாடார் கடையில கெடைக்காது இது" என்றாள். பரிதா அக்கா அங்கேதான் இருந்தாள். "எனக்கு ஒரு நாளாவது இப்படிப் போட்டிருக்கியா?" என்று கேட்டாள். "நீ பேரம் பேசற, இவன் பேசறதில்ல. தங்கமான புள்ளக்கா" என்றாள் பாப்பா.

அந்த நெத்திலியை வறுத்தேன். சாப்பிட்டேன். தூக்கிப் போட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். பசித்தது, சாப்பிட்டேன்.

அவளுக்கு ராத்திரியில் தூக்கம் இல்லை என்று பரிதா சொல்கிறாள். "நான்தான் பறந்தேன், நான்தான் பறந்தேன்னு அதையே சொல்லிட்டு இருக்கா. தன் வாயாலதான் தாலி போச்சுன்னு நெனைக்கிறா. யாரு சொன்னாலும் கேக்கமாட்டேங்கிறா" என்றாள். யார் சொன்னால் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அவள் பறக்காமல் ஒரு வாரம் பொறுத்திருந்தாலும் நான் வேறு ஏதாவது சொல்லிக் கிளி சிம்மைத்தான் தலையில் கட்டியிருப்பேன் என்பதும் தெரியும்.

கதையில் கம்பெனிகளின் பெயரை மாற்றினேன். படங்களை மாற்றினேன். பாப்பாவின் பெயரை மட்டும் மாற்றவில்லை. ஏன் என்று இந்தக் கடைசிப் படிவத்தை எழுதும்போது யோசித்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மேற்குத் தாம்பரத்தில் மீன் வாங்குகிறவர் யாராவது இதைப் படித்துவிட்டு, அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, 'உன் மேலே தப்பு இல்லம்மா, அவன் பையில் இருந்ததாம்' என்று சொல்லிவிடட்டும் என்றுதான். நான் சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்றுதான்.

முடிவு உங்கள் கையில் என்று எழுதி நிறுத்த நினைத்தேன். நிறுத்தினால் மூட்டையை என் தோளிலிருந்து உங்கள் தோளுக்கு மாற்றுகிற வேலை அது. போய்ச் சொல்வதென்றால் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. நீங்கள் சொன்னாலும் என் கணக்கு தீராது.

இன்றைக்குச் சனிக்கிழமை. நாளைக் காலையில் மீன் வாங்கப் போவேன். சொல்வேனா என்று எனக்குத் தெரியாது, அதனால் எழுதவில்லை.

பாப்பாவுக்கு நான் தர வேண்டியது ஒரு வார்த்தை. இருந்தது. ஸ்டாக் இருந்தது. இன்னும் தரவில்லை.